பெருக்கி வைத்த களம்

துடைப்பத்தின் அடிக்கட்டு உள்ளங்கையில் குத்திக்கொண்டே இருந்தது. எனக்கு இடப்பக்கம் செங்கேணி, வலப்பக்கம் தனபாக்கியம். மூன்று பேரும் இடுப்பு ஒடியக் குனிந்து ஊர்க் களத்தைப் பெருக்கிக்கொண்டு போனோம். எங்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசைப் பெண்கள். சித்திரை வெயில் ஏறுவதற்குள் ஒரு மல்லாட்டைத் தோல்கூட அங்கே கிடக்கக் கூடாது என்பது உத்தரவு.

நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அப்போது சரியான அறுவடை நேரம். பிடுங்கி, ஆய்ந்து, களத்தில் கொட்டி, வெயிலில் சருகாகக் காயவைக்க வேண்டிய நாள். அப்படிப்பட்ட நாளில் காய்ந்தும் காயாமலும் இருந்ததை எல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்குள் அடைத்துவிட்டு, வெறும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். ஓரத்தில் கிடந்த கல் உருளையைக்கூட நாலு ஆண்கள் சேர்ந்து உருட்டிக்கொண்டுபோய்ப் புளியமரத்துக்குப் பின்னால் ஒளித்தார்கள்.

கல்யாணமா, திருவிழாவா என்று கேட்காதீர்கள். விழுப்புரத்திலிருந்து ஜீப்பில் ஓர் ஆபீசர் வரப்போகிறார் என்று சேதி. திண்டிவனம் பெரிதாகப் போகிறதாம். சுற்றுப்பட்டு ஊர்களையும் சேர்த்து மாஸ்டர் பிளான் போடுகிறார்களாம். எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் ரோடு என்று முடிவு செய்ய ஒவ்வோர் இடத்தையும் அவர் நேரில் பார்ப்பாராம்.

களம் அரசாங்கப் புறம்போக்கு. ஊரே அதைப் பயன்படுத்தியது, யார் பெயரிலும் அது இல்லை. ஆபீசர் கண்ணில் நம் மல்லாட்டை பட்டால் ஆக்கிரமிப்பு என்று எழுதிவிடுவார் என்று ஊருக்குள் பயம். அதனால் பெருக்கினோம். நானும்தான்.

ஜீப் வந்தது. ஆபீசர் இறங்கினார், இப்படியும் அப்படியும் பார்த்தார், ஏதோ எழுதினார், போய்விட்டார். ஊரே பெருமூச்சு விட்டது. எதற்குப் பெருமூச்சு விட்டோம் என்பது புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

குறைத்துச் சொல்கிற குடும்பம்

போன வாரம் என் கல்யாணக் கதையை எழுதியதற்கு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எல்லோரையும் இப்படிச் சந்தேகப்படுகிறீர்களே, கட்டிய புருஷனையாவது நம்பினீர்களா?" அதற்குப் பதில் இந்தக் களத்தில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் என் பிறந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா செஞ்சிப் பக்கத்துக்காரி. சர்க்கார் ஆள் யார் வாசலில் நின்றாலும் அவள் வீட்டில் எல்லாம் பாதியாகிவிடும். ஆடு எத்தனை என்று கேட்டால் பாதி. நிலம் எவ்வளவு என்றால் பாதி. ஜனத்தொகை எடுக்க வந்தவரிடம் பிள்ளைகளைக்கூடக் குறைத்துச் சொன்னவள். என் தம்பியும் நானும் கேப்பைப் பானைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சொன்னது எல்லாம் ஒருநாள் வரியாகத் திரும்பி வரும் என்பது அவள் கணக்கு. அவளை மட்டும் சொல்வானேன், எங்கள் பக்கத்தில் எல்லா வீடும் அப்படித்தான்.

"வீட்டுக்காரர் பேரு இன்னாம்மா?" என்று அந்த ஆள் கேட்டதும் அம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைக் காட்டினாள். எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பக்கத்தில் நிற்கும் யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். "முருகனா, சுப்பிரமணியா?" என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கடைசியில் சரியான இடத்தில் நிறுத்தினாள். பானைக்குப் பின்னால் நாங்கள் சிரித்ததில் எங்கள் கணக்கும் வெளியே வந்துவிட்டது.

நானும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவள்தான். இந்தத் தொடர் முழுக்க 'இவர்', 'வீட்டுக்காரர்' என்று எழுதுகிறேனே, கவனித்திருப்பீர்கள்.

யாரும் விரல் வைக்காத படம்

ஆடி போய் ஆவணியும் பிறந்துவிட்டது. திண்டிவனத்தில் நகராட்சிக் கூடத்தில் மாஸ்டர் பிளான் படத்தை மாட்டியிருக்கிறார்கள், ஜனங்கள் வந்து பார்த்து ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று சேதி வந்தது. சேதி கொண்டுவந்தவர் நயினார்.

நயினாரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். எங்கள் ஊர் மல்லாட்டையை வாங்கித் திண்டிவனத்துக்கு அனுப்பும் வியாபாரி. கையில் எப்போதும் பேப்பர் இருக்கும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று மாலையானதும் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு போய்விடுவார். ஒரு கை மல்லாட்டையை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்ப்பார். கடகடவென்று கேட்டால்தான் காய்ந்தது. கேட்காவிட்டால், "இன்னும் ரெண்டு வெயில் வேணும்" என்று கீழே போட்டுவிடுவார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வாங்குகிறவர் ஆயிற்றே, முழுதாக யாரும் நம்ப மாட்டார்கள்.

"உங்க களத்தக் காலி எடம்னு போட்டுக்கிறாங்க. பஸ் டெப்போ வருதாம். போயி சொல்லுங்க, இல்லன்னா களம் போயிடும்" என்றார்.

கருத்துக் கேட்கும் கூட்டம் என்று ஒருநாள் வைத்தார்கள். மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நானும் இவருடன் திண்டிவனம் போனேன். கூடத்தில் வியர்வை நாற்றமும் புதுப் பெயிண்ட் வாசமும் கலந்து வீசியது. சுவர் நிறையப் படம். மஞ்சள் வீடுகளாம், பச்சை வயல்களாம். எங்கள் களம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம்.

அந்தப் படத்தைச் சுற்றி அவ்வளவு கூட்டம், ஆனால் ஒருத்தர்கூடத் தன் இடத்தின்மேல் விரல் வைக்கவில்லை. வைத்தால் ஆபீசர் குறித்துக்கொள்வாராம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாலேயே தேடினார்கள். சிலர் வேண்டுமென்றே பங்காளியின் நிலத்தைக் காட்டி, "இது யாருதுன்னு தெரியலயே" என்றார்கள்.

"ஆட்சேபம் இருக்கிறவங்க தாராளமா சொல்லுங்க" என்றார் ஆபீசர். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். ஒருவர் எழுந்து கொசுத் தொல்லையைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் ரேஷனில் சர்க்கரை வரவில்லை என்றார். களத்தைப் பற்றி எழுந்து பேசியவர் நயினார் ஒருத்தர்தான்.

"அந்த எடம் காலி கெடையாது சார். அந்த ஊரு மல்லாட்டை பூரா அங்கதான் காயுது."

ஆபீசர் நெற்றியைச் சுருக்கினார். "நான் நேர்ல பார்த்தேனே. பெருக்கி விட்ட மாதிரி இருந்துச்சு. ஊர்க்காரங்க வந்திருக்கீங்களா? நீங்க சொல்லுங்க, அங்க காயப் போடறீங்களா?"

எங்கள் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார். அப்போது முன்வரிசையில் இருந்த எங்கள் ஊர் மாஜி தலைவர் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "காலி எடந்தான் சார். நயினாரு வெளியூர்க்காரரு, அவருக்கு இன்னா தெரியும்?"

சரி, முடிவு செய்வதற்கு முன் இன்னொரு முறை வந்து பார்க்கிறேன் என்று ஆபீசர் கூட்டத்தை முடித்தார்.

நயினாருக்கு என்ன வந்தது?

வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஒரே பேச்சு. களம் போகிறதே என்று ஒருத்தரும் பேசவில்லை. நயினாருக்கு இதில் என்ன ஆதாயம் என்றுதான் பேசினார்கள். அவருக்கு அங்கே நிலம் இருக்கிறது, டெப்போ வந்தால் அவருக்குக் கெடுதல் என்றார் ஒருவர். இல்லை, டெப்போ வந்தால் அவருக்குத்தான் நல்லது, நம்மை மாட்டிவிடப் பார்க்கிறார் என்றார் இன்னொருவர்.

எனக்கும் சந்தேகம்தான். ஆனால் நான் மனசுக்குள் வைத்துக்கொண்டு புழுங்குகிறவள் இல்லை. அடுத்த முறை அவர் வந்தபோது நேரடியாகவே கேட்டேன். "நயினாரே, எங்க களம் போனா ஒங்களுக்கு இன்னா?"

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஏம்மா, களம் இல்லன்னா நீங்க ஈர மல்லாட்டையத்தான் குடுப்பீங்க. அது வழியிலயே பூஞ்சை புடிச்சிக்கும். அத வாங்கி நான் இன்னா பண்றது? நீங்களும் கெடைச்ச வெலைக்கு அன்னிக்கே தள்ளிட்டுப் போவீங்க. ரெண்டு பேருக்கும் பேஜாரு."

எனக்கு அப்படியொரு நிம்மதி. நம் நன்மைக்காகச் சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் சத்தியமாக நம்பியிருக்க மாட்டேன். தன் நன்மைக்காகச் சொல்கிறார் என்றதும் முழுசாக நம்பினேன்.

"ஆபீசர் வர்ற அன்னிக்கு எல்லாரும் மல்லாட்டையக் கொட்டி வையுங்க. அது போதும்" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

சேதி வந்த வழி

புரட்டாசியில் அடுத்த அறுவடை தொடங்கியது. ஆபீசர் வருகிற நாளும் தெரிந்தது. அதற்கு முந்தைய வாரம் ஊருக்குள் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியது. இந்த முறை களத்தில் யார் மல்லாட்டை இருக்கிறதோ அவர்கள் பட்டா நிலத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்களாம்.

பெண்கள் மறுபடியும் துடைப்பத்தைத் தேடினார்கள். எனக்குத்தான் கை வரவில்லை. புறம்போக்கில் மல்லாட்டை காய்ந்தால் அதற்காக எவன் பட்டா நிலத்தை எடுப்பான்? எங்கேயோ இடித்தது. இந்தச் சேதி எங்கிருந்து புறப்பட்டது என்று பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

முதலில் தனபாக்கியம். தண்ணீர்க் குழாயடியில் பிடித்தேன். "செங்கேணி சொன்னா யக்கா" என்றாள்.

செங்கேணி மாவு மில்லில் முகமெல்லாம் கேப்பை மாவோடு நின்றிருந்தாள். மெஷின் சத்தத்தில் காதுக்குள் கத்தினேன். "ஒனக்கு யாரு சொன்னது?"

"சைக்கிள் கடை காசி! அவன் டவுனுக்குப் போய்க்கினு வந்துக்கினு கீறான், அவனுக்குத் தெரியாதா?"

காசி டியூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேட்டதும் முக்கிய கையை எடுக்காமல் என்னையே பார்த்தான்.

"இன்னா அண்ணி, தெரியாத மாதிரி கேக்கற? அண்ணன்தான சொன்னாரு."

"எந்த அண்ணன்?"

"ஒங்க வீட்டு அண்ணன்தான்."

தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது. நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. ஊரெல்லாம் தேடிப்போன திருடன் என் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் கடித்துக்கொண்டு கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கோசரம் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

முதலில் இல்லை என்றார். பிறகு கோபப்பட்டார். பிறகுதான் மெல்ல வந்தது. களத்தை ஒட்டிய புன்செயை மாஜி தலைவர் வாங்கிப் போட்டிருக்கிறார். மனை மனையாகக் கல் நட்டு விற்கப் போகிறார். பக்கத்தில் டெப்போ வந்தால் மனை பறக்கும். டெப்போ வாசலில் இவருக்கு ஒரு டீக்கடை வைத்துக் கொடுப்பதாக வாக்கு. அதற்குப் பதிலாக, ஆபீசர் வருகிற அன்றைக்குக் களம் காலியாக இருக்க வேண்டும்.

"சித்திரையில பெருக்கச் சொன்னதும் நீங்கதானா?"

"அது தலைவரு சொன்னாரு. நான் நாலு பேருகிட்ட சொன்னேன், அவ்ளோதான்." குரல் இறங்கியது. "எத்தினி நாளைக்குத்தான் மண்ணக் கெளறிக்கினு கெடக்கறது? ஒரு கட இருந்தா நிழல்ல ஒக்காந்து பொழைக்கலாம்னு பாத்தேன். ஒனக்கும் சேத்துதான்."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கடை ஆசையைக்கூட மன்னிக்கலாம். நானே வெயிலில் குனிந்து பெருக்கினேனே, அதைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அதுதான் தாங்கவில்லை. அன்றைக்கு இராத்திரி சோறு போட்டேன், பேசவில்லை.

புரட்டாசி மேகம்

ஆபீசர் வருகிற நாள் விடிந்தபோது வானம் மூட்டமாக இருந்தது. காயாத மல்லாட்டையில் மழை விழுந்தால் முளைவிட்டுவிடும். அந்தப் போகத்து எங்கள் விளைச்சல் மொத்தமும் வீட்டுக்குள் மூட்டையாக இருந்தது. ஒவ்வொரு கூடையாகத் தலையில் தூக்கிக்கொண்டுபோய்க் களத்தில் கொட்டினேன்.

"அள்ளுடி, ஜல்தியா அள்ளு. பேஜாரா பூடும்" என்று இவர் பின்னாலேயே வந்து கெஞ்சினார். நான் அவசரமே இல்லாத மாதிரி நிதானமாகக் காலால் கிளறிப் பரப்பிக்கொண்டிருந்தேன். அத்தனை பெரிய களத்தில் எங்கள் மல்லாட்டை ஒரு மூலையில் பாய் விரித்த அளவுக்குத்தான் தெரிந்தது. ஊர்ப் பெண்கள் புளியமரத்தடியில் நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. மாட்டினால் நான் மட்டும் மாட்டட்டும் என்று இருந்திருக்கும். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஜீப்பில் ஆபீசரோடு மாஜி தலைவரும் வந்து இறங்கினார். இவர் மெதுவாக நகர்ந்து தலைவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"யாரோ வெளியூர்க்காரங்க கொட்டிக்கினு போயிருப்பாங்க சார். எடம் காலிதான்" என்றார் தலைவர்.

ஆபீசர் மல்லாட்டை ஓரத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினார். குனிந்து ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டினார்.

"இன்னும் ரெண்டு வெயில் வேணும்" என்றார் தனக்குத்தானே. "யாருதும்மா இது?"

"எங்களுதுங்க. ஊரு மல்லாட்டை பூரா இங்கதாங்க காயும். பயந்துகினு உள்ள வெச்சிக்கிறாங்க."

"அப்படின்னா எழுதிக்கறேன். பேர் இல்லாம எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்க. குடும்பத் தலைவர் பேர் சொல்லுங்க."

பேனா காத்திருந்தது

நான் முந்தானையை இழுத்துக்கொண்டேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

"பேர் சொல்லும்மா."

சுவரும் இல்லை, காலண்டரும் இல்லை. வெட்டவெளி. வழக்கமாக எடுத்துக்கொடுக்க எத்தனை வாய் இருக்கும்! அன்றைக்குப் புளியமரத்தடியில் ஒரு வாயும் திறக்கவில்லை. சொன்னவள் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டால்? மாஜி தலைவர் பெயர் தெரியாதவர்போல வானத்தைப் பார்த்தார். ஆபீசரின் பேனா காகிதத்தின்மேல் அப்படியே நின்றது. என் புறங்கையில் ஒரு தூறல் விழுந்தது.

நான் நிமிர்ந்து இவரைப் பார்த்தேன். வேறு எதுவும் செய்யவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

இவர் தலைவரைப் பார்த்தார். தரையில் கிடந்த மல்லாட்டையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு தலைவர் பக்கத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்து, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் உரக்கச் சொன்னார்.

"இது எம் மல்லாட்டதாங்க" என்றார் பின்னோடு.

அதற்குப் பிறகுதான் செங்கேணி மரத்தடியிலிருந்து வந்தாள். "எங்களுதும் இங்கதாங்க காயும். ஊட்ல கீது, தோ எடுத்தாறேன்." தனபாக்கியம், அவள் ஓரகத்தி, அப்புறம் யார் யாரோ. ஒருத்தி புருஷன் பேரை இன்னொருத்தி எடுத்துக்கொடுக்க, ஆபீசரால் எழுதி மாளவில்லை. மாஜி தலைவர் எப்போது ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. ஆண்கள் கல் உருளையை மரத்துக்குப் பின்னாலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். தூறல் அதற்குமேல் வலுக்கவில்லை.

சாம்பல் சதுரம் படத்திலிருந்து போனது. டெப்போ வேறு பக்கம் போயிற்று, களம் களமாகவே நின்றது. மாஜி தலைவர் நட்ட மனைக் கற்களில் ஆடுகள் முதுகு தேய்த்துக்கொண்டன. டீக்கடை போன துக்கத்தில் இவர் தை மாதம்வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசச் சொல்லிக் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று. எப்போதாவது சாப்பிட்டுக் கை கழுவும்போது, பேச்சோடு பேச்சாக இவர் கேட்பார். இப்போதும் கேட்கிறார். இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டும் நிச்சயம் கேட்பார்.

"ஏண்டி, அன்னிக்கு நெசமாவே எம் பேரு வாயில வராமதான் நின்னியா, இல்ல வேணும்னே நின்னியா?"

ஊரையே சந்தேகப்பட்டவள் என்று எனக்குப் பெயர். இவருக்கு இருப்பது இந்த ஒரே ஒரு சந்தேகம்தான். இத்தனை வருஷமாக அதை நான் தீர்த்துவைக்கவில்லை. இந்தப் பத்திரிகையிலும் தீர்த்துவைப்பதாக இல்லை.